உப்புத் தூவிய தக்காளி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. குறுஞ்செய்தியில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

குளியலறைக் குழாய் ஒழுகியதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். போன திங்கள் முதல் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். இன்னும் பத்து நாள் இருந்துவிட்டு வா என்று முதலாளியம்மா சொன்னார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அப்பாவோடு லாரி ஓட்டியவர்கள் இரண்டு பேர் துக்கம் கேட்க வந்தார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

நேற்று உன் துறைத் தலைவர் போன் செய்தார். பதினைந்து நாளாக நீ பரீட்சைக்கும் வகுப்புக்கும் வரவில்லையாம். சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்திருக்கிறாயாம். காரணம் கேட்டதற்கு, "எங்க அப்பாவுக்கே உதவாத படிப்பு எனக்கு எதுக்கு மேடம்" என்றாயாம். அதைக் கேட்ட பிறகு இனியும் மறைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவை அனுப்பிவிட்டு வந்த அன்று நீ ஃபிரிட்ஜைத் திறந்தாய். ஆரஞ்சும் வாழைப்பழமும் தக்காளியும் இருந்தன. சமையலறைச் சுவரில், இவற்றைத் தொடவே கூடாதென்று எழுதி நீ ஒட்டிவைத்த உணவு அட்டவணையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். "கிட்னி போனவருக்கு இதையா கொடுத்தே? நீதான்க்கா அவரைக் கொன்னே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தது நான்தானே.

நடந்தது இதுதான். உன் பரீட்சை தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, டயாலிசிஸ் நடுவில் அப்பாவுக்கு மறுபடியும் ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. அது மூன்றாவது தடவை. இதயம் தாங்காது, இனி எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். "நிறுத்திட்டா எத்தனை நாள் டாக்டர்?" என்று அப்பா நிதானமாகக் கேட்டார். பத்து நாள், கூடினால் இரண்டு வாரம் என்றார். "அப்ப நிறுத்திடுங்க. இஞ்சின் போன வண்டியத் தள்ளிக்கிட்டே எவ்வளவு தூரம் போறது" என்றார் அப்பா. அழுதேன், கெஞ்சினேன். பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி சாப்பாட்டில் தடை வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரீட்சை முடியிற வரைக்கும் தம்பிக்குச் சொல்லாதே. சொன்னா எழுதாம ஓடி வந்துடுவான்." முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதுவரை இருப்பேன் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

தினமும் சாயங்காலம் நீ போனில், "அப்பா இன்னிக்கு என்னக்கா சாப்பிட்டார்?" என்று கேட்பாய். நான் சுவரைப் பார்த்து உன் அட்டவணையை வாசிப்பேன். பக்கத்தில் அப்பா உப்புத் தூவிய தக்காளியைச் சப்பிக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பார். பதினாலு மாதத்துக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்க முடியாமல் செய்தவள் நான். ஏழாம் நாள் நீ, "லீவுக்கு வந்து நானே சமைச்சுப் போடறேன்னு சொல்லுக்கா" என்றாய். அப்போது அப்பா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உணவியல் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, "சோறாக்க ஒரு பட்டமா, அதுவும் தனியார் பல்கலைக்கழகத்துல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேலி பேசியவர் அப்பாதான். அதே மனுஷர் டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தார். "காயை நறுக்கி நெறைய தண்ணியில வேகவச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடணும். என் பையன் சொன்னது." ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று முதலில் சொன்ன டாக்டரே, பதினாலு மாதம் ஓடியதில் உன் அட்டவணைக்கும் பங்கு உண்டு என்றார். உதவாத படிப்பு என்று இனி யாரிடமும் சொல்லாதே.

ஆனால் மறைத்தது தப்புதான். அப்பா சொன்னார் என்று போனவர்மேல் பழி போட மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ வந்து இரண்டு நாளாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். பரீட்சையை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம். இது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள். துறைத் தலைவர் அதை இன்னும் மேலே அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை வரை கையில் வைத்திருப்பதாகச் சொன்னார். விட்டுப்போன பரீட்சையையும் எழுத விடுவார்களாம். என்மேல் உள்ள கோபம் என்னோடு இருக்கட்டும், அதைப் படிப்பின்மேல் காட்டாதே.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. இரண்டு வரி பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி. இந்த வீட்டில் இப்போது என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை.

உன்,
அக்கா