ஓர் இருமல்கூட இல்லை

18 ஏப்ரல் 2021, ஞாயிறு

தேதியைப் போனே போட்டுக்கொள்கிறது. நான் பேசப் பேச இது எழுதிக்கொள்ளும் என்று மகள் பிரின்சி பழக்கிவிட்டிருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது. எழுதியிருப்பது சரியா தப்பா என்று பார்க்கவும் தெரியாது. வீட்டுப் பேச்சில் பேசினால் இதற்கு விளங்கவில்லையாம். “கோயில்ல வாசகம் படிக்கிற மாதிரி பேசுப்பா” என்றாள். அப்படியே பேசுகிறேன். யாரும் இல்லாத வீட்டில் சுவிசேஷம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது.

என் வீட்டுக்காரி எலிசாவைப் பஸ் ஏற்றிவிட்டது ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை. மார்பில் கட்டி எடுத்தாகிவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். திண்டிவனத்தில் பிரின்சி வீட்டில் இருந்தால் அழைத்துப்போய் வர மாப்பிள்ளை இருக்கிறார். எனக்கு இங்கே விழுப்புரத்தில் மல்லாட்டை குடோனில், வேர்க்கடலை மூட்டைகளுக்குக் காவல் வேலை. விட்டுவிட்டுப் போக முடியாது.

“கொஞ்ச நாளுதான்யா. மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற?” என்றாள் ஜன்னலோரம் உட்கார்ந்து. பஸ் கிளம்பிய பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போனபோதுகூட நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வாராவாரம் போய்விடுவேன். அவள் தங்கச்சிகள் ஒளிந்துகொண்டு சிரிப்பார்கள்.

22 ஏப்ரல்

பிரின்சி போனில் அவள் அம்மா முகத்தைக் காட்டினாள். அது எலிசா இல்லை.

எலிசாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்தது. முகமெல்லாம் தழும்பு. வல்லம் பக்கம் மல்லாட்டை பிடுங்கப் போன இடத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். கூட வந்த என் அக்கா, “குழியும் குண்டுமா கீதுடா மூஞ்சி” என்றாள். இருக்கட்டும் என்றேன். அன்றைக்கு அவள் தலையில் கட்டியிருந்தது பச்சைத் துண்டு. ஓரத்தில் கிழிசல். எனக்கு எதுவும் மறக்காது. எந்தத் தழும்பு எங்கே இருக்கிறது என்று இருட்டில் விரல் வைத்துச் சொல்வேன். இடது புருவத்துக்குக் கீழே ஒன்று, அதுதான் ஆழம்.

போனில் ஒன்றுகூட இல்லை. கன்னம் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது.

“யாரு மே இது?” என்றேன்.

“ஏன்யா, கண்ணு அவிஞ்சு போச்சா? நாந்தான்.”

“போனு அப்பிடித்தான்பா காட்டும், அழகா” என்று பிரின்சி சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழகாக இருக்கிறவள் வேறு எவளோ.

1 மே

இன்று சனிக்கிழமை, வந்துவிட்டு நாளை திரும்பிவிடுகிறேன் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். பெயர் இருதய அருண். மருந்துக்கடையில் வேலை. கெட்டிக்காரர், ஆனால் பயந்த சுபாவம்.

“கோவிச்சிக்காதீங்க மாமா. மருந்து ஏத்துனதுல அத்தைக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. வெளியாளு யாரும் கிட்ட வரக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு.”

“நான் வெளியாளா மாப்ள?”

“அய்யோ, அப்பிடி இல்ல மாமா…”

“எனக்கு இன்னா வந்துச்சு? சளி இல்ல, காய்ச்சல் இல்ல. ஒரு இருமல்கூட இல்ல.”

“அதான் மாமா பயமே. ஒண்ணும் இல்லாதவங்ககிட்டேர்ந்துகூட ஒட்டுது. அவங்களுக்கே தெரியாது.”

“ஒண்ணும் இல்லாதவன் இன்னாத்த மாப்ள குடுப்பான்?”

நான்தான் போனை வைத்தேன்.

எலிசாவுக்கு அன்று வந்த அம்மை முகத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. யாருக்கு வந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் ஒருவரும் நுழையமாட்டார்கள். எங்களை மாதிரி வேதக்காரர், கிறிஸ்தவர் வீடுகளிலும் செருகுவோம். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டால், வெயிலுக்கு சாமி என்போம். இந்த நோய்க்கு எந்த வாசலில் செருகுவது?

மாப்பிள்ளை சொல்வது எப்படி உண்மையாகும்? மழை இல்லாமல் எப்படி ஈரம் வரும்?

8 மே

திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஓடாதாம்.

13 மே

தூங்கும்போது அவள் பாதத்தை என் முழங்கால் மேல் போட்டுக்கொள்வாள். மார்கழியில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். எடுமே அந்தாண்டை என்று திட்டுவேன். எடுக்கமாட்டாள். இந்த வெயிலில் முழங்கால் சும்மா கிடக்கிறது.

இன்று கேப்பைக் களி கிண்டினேன், கட்டி தட்டிவிட்டது. போனில் சொன்னேன். “தண்ணி காயறதுக்கு முன்னாடியே மாவைக் கொட்டியிருப்ப. அம்பது வருஷமா பாத்துக்கினு இருந்தியே, என்னத்தப் பாத்த?” என்றாள். உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். பக்கத்தில் மகள் இருப்பாள், சொல்லவில்லை. அவள் குரல் இளைத்திருக்கிறது.

15 மே

திண்டிவனத்தில் இருக்கிறேன். எண்ணெய் மில் கொட்டகையில் படுத்துக்கொண்டு பேசுகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

காலையில் குடோனிலிருந்து இந்த மில்லுக்கு லோடு கிளம்பியது. சரக்கு வண்டிக்குத் தடை இல்லை. காவலுக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு, டிரைவர் பூமாலையிடம், நானும் வருகிறேன், மூட்டை இறக்க ஆள் என்று சொல் என்றேன்.

“பெருசு, உன்னப் பாத்தா மூட்ட தூக்கற ஆளு மாதிரியா கீது? மூட்டதான் உன்னத் தூக்கணும்” என்றான். ஆனால் ஏற்றிக்கொண்டான்.

வழியில் போலீஸ் நிறுத்தி நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை வைத்துப் பார்த்தார்கள். எனக்குச் சூடு இல்லை. சரி, போ என்றார்கள். அந்த நேரம் பார்த்து மூட்டைத் தூசி ஏறி ஒரு தும்மல் போட்டேன் பாருங்கள், போலீஸ்காரர் இரண்டடி பின்னால் பாய்ந்துவிட்டார்.

“சார், சார், அது மல்லாட்டத் தும்மலு சார். நெதமும் போடுவாரு” என்றான் பூமாலை. வண்டி நகர்ந்த பிறகு ஸ்டியரிங்கில் குத்திக் குத்திச் சிரித்தான். நானும் சிரித்தேன். அவளைப் பார்க்கப் போகிற சந்தோஷம்.

பிரின்சி வீட்டு கேட் பூட்டியிருந்தது. மாப்பிள்ளை உள்ளே நின்றுகொண்டு, திறக்கவில்லை. “மாமா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே” என்றார். அழுகிற குரல்.

“தொறங்க மாப்ள. வழியெல்லாம் நெத்தியப் பாத்துதான் உட்டாங்க.”

“நெத்தியப் பாத்தா தெரியாது மாமா. டெஸ்ட் எடுத்துடலாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

பிரின்சி உள்ளே போனாள். எலிசாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உள்வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தாள். தலையில் துண்டு. பாதி ஆகிவிட்டிருந்தாள். வாயையும் மூக்கையும் துணி மூடியிருந்தது.

“அந்தத் துணியக் கொஞ்சம் எறக்குமே” என்றேன் ரோட்டில் நின்று.

“எதுக்குய்யா?”

“எறக்கேன்.”

இறக்கினாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இருந்தன. எல்லாம் இருந்தன. புருவத்துக்குக் கீழே இருப்பதும் இருந்தது.

“என்னய்யா அப்பிடிப் பாக்கிற? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி.”

மாப்பிள்ளை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, டம்ளரில் வெந்நீர் ஆற்றி, அவள் கையில் கொடுத்து, அந்தக் கையையும் கூடவே பிடித்துக்கொண்டிருந்தார். அது நான் நிற்க வேண்டிய இடம். பொறாமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு தன் வண்டியில் அரசு முகாமுக்குக் கூட்டிப்போனார். மூக்கில் குச்சி விட்டார்கள்.

16 மே

கேட்டுக்கு வெளியே நின்று எலிசாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தேன். “ரிசல்ட்டு வரட்டும்யா. வந்ததும் உள்ள வா. காலு ரெண்டும் மரத்துப் போவுது, நீதான் அமுக்கணும். இவளுக்கு அமுக்கத் தெரியல” என்றாள்.

17 மே

பிரின்சிக்குக் காய்ச்சல். குழம்பு வாசனை தெரியவில்லையாம்.

18 மே

எனக்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஒன்றும் இல்லை, சுத்தம்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு இன்று எடுத்தார்கள்.

20 மே

மூன்று பேருக்கும் இருக்கிறதாம். பிரின்சிக்கு, எலிசாவுக்கு, மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளை உடம்புக்கு ஒன்றுமே செய்யவில்லை. காய்ச்சல் இல்லை. ஓர் இருமல்கூட இல்லை. அவர் கடையில் கூட வேலை செய்கிற ஒருவர் பத்து நாளுக்கு முன்பே படுத்துவிட்டாராம். இவர் நன்றாக இருந்ததால் நினைத்தே பார்க்கவில்லை. அந்த வீட்டில் வெளியே போய்வருகிற ஆள் அவர் ஒருவர்தான். கேட் அருகே வந்தவர், “கிட்ட வராதீங்க மாமா” என்றார். அதே வார்த்தை.

ராத்திரி எலிசாவுக்கு மூச்சு வாங்கியிருக்கிறது.

21 மே

ஆம்புலன்ஸ் வந்தது. விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

நான் அவளைப் பார்க்கத் திண்டிவனம் வந்தேன். அவள் விழுப்புரம் போகிறாள்.

கூட ஏறக்கூடாது என்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்கினாள். வா என்றாளா, வராதே என்றாளா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், இதுவும் இருக்கும், ஆனால் விளங்கவில்லை.

24 மே

பூமாலை விழுப்புரத்துக்குத் திரும்பக் கூட்டிவந்துவிட்டான். வழியில் அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் என்னை மாதிரி நிறைய பேர். உள்ளே விடுவதில்லை. நர்ஸம்மா ஒருவர் போனை அவள் காதில் வைத்தார். இயந்திரச் சத்தம்தான் கேட்டது. “எலிசா, காலு மரத்துக்கினு கீதா?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

27 மே

காலையில் போய்விட்டாள்.

28 மே

வெள்ளை உடை போட்டவர்கள் கயிறு கட்டிக் குழியில் இறக்கினார்கள். சாமியார் தூரத்தில் நின்று ஜெபம் சொல்லி மந்திரித்தார். மகளும் மாப்பிள்ளையும் வர முடியாது. வீட்டார் என்று நான் ஒருவன்தான். முகத்தை ஒரு தடவை காட்டுங்கப்பா என்றேன். பையைத் திறக்க உத்தரவு இல்லை தாத்தா என்றார்கள். சின்னப் பிள்ளைகள், அவர்கள் என்ன செய்வார்கள்.

ஒரு பிடி மண் போடவிட்டார்கள்.

11 ஜூலை

இத்தனை நாள் இதில் பேசவில்லை. இன்று பிரின்சி வந்திருந்தாள், தனியாக. மாப்பிள்ளை மாடியில் படுக்கிறாராம். யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையாம். தட்டை எடுத்துக்கொண்டு போய், பாதி காக்கைக்குப் போட்டுவிடுகிறாராம். “உங்க முன்னாடி எப்பிடி வருவேன்னு கேக்கறாருப்பா.”

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். என்னைத் தெருவுல நிக்க வச்சியேய்யா! நான் சுத்தமா இருந்தேன். என் பொண்டாட்டி கால அமுக்கறதுக்கு நான் சுத்தமா இருந்தேனே. நீ பக்கத்துல குந்திக்கினு தண்ணி குடுத்தியே…

நிறுத்தி நிறுத்தி யோசிக்கிறேன். எனக்கு இருந்திருந்தால்? அன்றைக்கு கேட் திறந்திருந்தால் நான் நேராக அவள் காலடியில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கும் தெரிந்திருக்காது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அது தன் மேலேயே இருக்கும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாரே, அது பொய் இல்லை.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

காலையில் தூறல். நான் கல்லறைக்குப் போனபோது மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்து, சுற்றியிருந்த புல்லையெல்லாம் பிடுங்கி, செவ்வந்திப்பூ போட்டுக்கொண்டிருந்தார். பிரின்சி மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒதுங்கி நின்றார். தாடி. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது.

“மாமா, நீங்க உள்ள வந்திருந்தா அத்தை இருந்திருப்பாங்க. நான் வெளிய இருந்திருக்கணும். நாந்தான் கொண்டாந்தேன். எனக்கு ஒரு இருமல்கூட இல்ல மாமா…”



நான் சொன்னேன்: “யாருப்பா உனக்குச் சொன்னது? ஒண்ணும் இல்லாதவன் இன்னாத்தக் குடுப்பான்? அவ மருந்து ஏத்திக்க ஆஸ்பத்திரிக்குப் போவலியா? அங்க எவ்ளோ கூட்டம். எவன் இருமினானோ. அங்கதான் புடிச்சிருக்கும்.”

முதல் தடவையாக மாப்பிள்ளையை நேரில் நீ என்று பேசிவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

“சரிங்க மாமா” என்றார்.

இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். உப்புத் தூக்கல். மாப்பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். மழைப்பா, இங்கேயே குந்து என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பிரின்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் சோற்றில் கை வைக்கவில்லை.

தட்டைக் காலி செய்தார். பிறகு, “இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க மாமா” என்றார்.

போட்டேன். எலிசா, நீயாக இருந்தால் கேட்கிற வரைக்கும் விட்டிருக்கமாட்டாய்.