மைனஸ் பதிமூன்று டிகிரி

திருவனந்தபுரம்

அன்புள்ள ஜானவிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை, எலிசாள் டீச்சரே சொல்லிவிட்டாள். போனில் பேசினால் சிரித்து மழுப்புவாய், அதனால் கடிதம்.

பழவங்காடியில் தேங்காய் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். நானும் அவளும் பள்ளியில் பாடம் எடுப்பது ஒரே கெமிஸ்ட்ரி லேபில்தான், உனக்கு அவள் பாடம் எடுத்தது பிளஸ் ஒன்னில் ஒரே வருஷம். "சுப்ரியே, மோளு ஃபின்லாந்துல பலூன் விடப் போறாளே, கணக்கு நானாக்கும் சரி பார்த்தது" என்றாள். தெரியுமே என்றேன். தெரியாது. எல்லாம் ஒப்பித்தாள். தரையில் இரண்டு கன மீட்டர் ஹீலியம். மேலே அழுத்தம் பத்தில் ஒன்று, மைனஸ் ஐம்பத்து மூன்று டிகிரி. பலூன் பதினாறு கன மீட்டர்தான் தாங்கும், அவளுக்கு வந்ததோ பதினேழு. கிழிந்துவிடும், வாயுவைக் குறை என்று உனக்குச் சொல்லிவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்து, குக்கர்கூட வைக்காமல் நானும் அந்தக் கணக்கைப் போட்டேன். அழுத்தம் பத்தில் ஒன்றானால் கன அளவு பத்து மடங்கு, இருபது. குளிர் அதைச் சுருக்கும். டிகிரியோடு 273 கூட்டினால் மேலே 220. தரைக்கு, வகுப்பில் எல்லாக் கணக்குக்கும் எடுக்கிற இருபத்தேழு டிகிரி, அதாவது 300. இருபதை 220 ஆல் பெருக்கி 300 ஆல் வகுத்தேன். பதினைந்துகூட வரவில்லை. கிழியாது. டீச்சருக்குத் தப்பு. அப்பா எட்டிப் பார்த்து, "என்னடீ, ஓணம் பம்பர் லாட்டரி அடிச்சாப்ல இருக்கு மூஞ்சி" என்றார். உனக்கு மெசேஜ் அடித்தேன், வாயுவைக் குறைக்காதே, அம்மா பார்த்துவிட்டேன் என்று. அனுப்பவில்லை. முதலில் அவள் தோற்பதைக் காதால் கேட்க வேண்டும். கூப்பிட்டேன். "முந்நூறா? அது நம்ம கிளாஸ் கணக்கல்லே! மோளு நிக்கிற தரையே மைனஸ் பதிமூணு, கேட்டோ. உன்கிட்ட சொல்லலியா?" என்றாள்.

கீழே 260. வகுத்தால் ஏறக்குறைய பதினேழு.

உன் பலூனை நான் கிழித்திருப்பேன். காப்பாற்றியது பொறாமை. அன்பு மட்டும் இருந்திருந்தால் மெசேஜ் போயிருக்கும்.

என்னிடம் நீ சொன்னது, லேசான குளிர்தாம்மா. அவளுக்கு எண், எனக்கு லேசு. கவலைப்படுவேன் என்று மறைத்தாய். படுவேன்தான். கவலைப்பட்டுக்கொண்டே வகுக்கவும் எனக்குத் தெரியும், ஜானு.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரியில் தயிர் வேண்டாம். உன் பலூன் நல்லபடியாக ஏறட்டும், நீயும் நன்றாக இரு. அடுத்த கணக்கையும் டீச்சருக்கு அனுப்பு, தடுக்கவில்லை. எனக்கு அனுப்பிய பிறகு. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அங்கே எத்தனை டிகிரி? எண்ணைச் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா
சுப்ரியா சாம்பசிவன்