நாற்பத்தொன்றாம் வீடு

ஓஹையோ
12.6.1982

என் அன்பு சாரா அக்காவுக்கு,

உன் தங்கை ஜெபராணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்க்க வீடு வீடாக நீ என்னோடு வெயிலில் அலைந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்பா உன்னை எஸ்.எஸ்.எல்.சி.யோடு நிறுத்தாமல் இருந்தால் இந்தப் பேராசிரியர் வேலையில் நீதான் இருந்திருப்பாய்.

நெசவுக்காரர் வீடு அறுபது, மாதச் சம்பளக்காரர் வீடு அறுபது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் அளந்து, கேள்வித்தாளை நிரப்பி அனுப்பு. ஓயாத கவலை உடம்பை என்ன செய்கிறது, யார் உடம்பை அதிகம் கெடுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பிப்ரவரியில் கடைசிச் சுற்று முடியும்வரை யாருக்கும் அவர்கள் அளவைச் சொல்லாதே. பயந்துபோனால் அடுத்த அளவு மாறிவிடும். எனக்கும் பெயர் எழுதாதே, வீட்டு எண் போதும்.

கிருபாகரன் மாமாவுக்கு என் அன்பு.

உன் ஜெபா


ஆரணி
9.11.1982

செல்லத் தங்கை ஜெபாவுக்கு,

அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். இரண்டாம் சுற்றுத் தாள்களைத் தபாலில் சேர்த்துவிட்டேன். மழையில் தறிக்குழிகளில் தண்ணீர் ஊறி, பத்து நாளாக உன் மாமாவுக்கும் தெருவில் யாருக்கும் வேலை இல்லை. இந்த நேரத்தில் போய், போன மாதம் உங்கள் வாழ்க்கை உங்கள் கையில் இல்லை என்று எத்தனை முறை தோன்றியது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒரு வீட்டில் சின்னக்கண்ணு இழை சுற்றுவதை நிறுத்தாமலே, "எந்த மாசம் என் கையில இருந்திச்சி? அத எழுதிக்கினு போ" என்றாள். எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நாற்பத்தொன்றாம் வீட்டுக்காரருக்கு இரண்டு முறையும் நூற்றெண்பதுக்கு மேல் வந்தது. அது கெட்டதா? காலையில் பின்தலை வலிக்கிறது என்கிறார். நீ சொல்லக்கூடாது என்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. சீக்கிரம் பதில் போடு.

அன்புள்ள அக்கா
சாரா


ஓஹையோ
10.1.1983

என் அன்பு அக்காவுக்கு,

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கல்லூரிப் பரீட்சை, அப்புறம் நீ அனுப்பிய தாள்களைக் கணக்கிடும் வேலை. அக்கா, நான் நினைத்தது சரியாக வந்திருக்கிறது. ஒரே ஊர், ஒரே வயது, ஒரே தண்ணீர். ஆனாலும் தறிக்காரர்களின் அளவு மற்றவர்களைவிட எவ்வளவோ மேலே நிற்கிறது. நூல் எப்போது வரும், முதலாளி என்ன சொல்வார் என்று காத்துக்கிடப்பவர்களுக்குத்தான் மிக அதிகம். ஒரு பெரிய மாநாட்டில் இதைப் படிக்க அழைத்திருக்கிறார்கள்.

நாற்பத்தொன்று அதிகம்தான். டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் கடைசி அளவை எடுத்துவிட்டுச் சொல். இன்னும் ஒரு மாதம்தானே.

உன் ஜெபா


ஆரணி
27.2.1983

ஜெபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே சொல்லிவிட்டேன். நாற்பத்தொன்று நம் வீடுதான். தெருவில் எல்லோருக்கும் மறைத்துவிட்டு என் புருஷனுக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை என்று அதுவரை பேசாமல் இருந்தேன்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்து, உப்பைக் குறையுங்கள், கவலைப்படாமல் ஓய்வெடுங்கள் என்றார். மாத்திரை போட்டால் மாமாவுக்குத் தறியில் தலை சுற்றியது. ஒரு புடவையில் கரை கோணிவிட்டது. முதலாளி சடையப்பன் அதை விரித்துப் பார்த்துவிட்டு, முடியவில்லை என்றால் அடுத்த பாவு நூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். எட்டாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். நான் கெஞ்சினேன். "மாத்திரைய போட்டுகினு சும்மா குந்தினா யாரு பாவு குடுப்பான், சாரா?" என்றார்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி தறியிலேயே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. என்னைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வருகிறது.

கடைசிச் சுற்றுத் தாள்களும் இதோடு வருகின்றன.

சாரா


ஓஹையோ
15.3.1983

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்ட அன்றே பதில் போட்டிருந்தால் மாமா நடமாடிக்கொண்டிருப்பார். எனக்கு அது தெரியும். மாமாவுடைய அளவுகளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடட்டுமா? அதை வைத்துக்கொண்டு மாநாட்டில் நிற்க மனம் வரவில்லை. டிசம்பரில் லீவு எடுத்து வருகிறேன். என்னை வெறுத்துவிடாதே. ஒரு வரியாவது எழுது.

ஜெபா


ஆரணி
18.4.1983

ஜெபாவுக்கு,

ஈஸ்டர் முடிந்து இரண்டாம் நாள் உன் மாமா போய்விட்டார். உனக்குத் தந்தி அடிக்கச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன்.

அவர் அளவை எடுக்காதே. நீ கண்டுபிடித்தது உண்மை. உன்னை வெறுக்கவும் இல்லை. அன்றே பதில் போட்டிருந்தாலும் இரண்டு மாதம் முன்னதாக மாத்திரையை நிறுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் மற்ற ஐம்பத்தொன்பது நெசவுக்காரர் வீட்டுக்கும் போய் அவரவர் அளவைப் படித்துச் சொன்னேன். அதிகம் உள்ளவர்கள் இருபத்திரண்டு பேர். கேட்டுவிட்டு எல்லோரும் மறுபடி தறியில் இறங்கினார்கள். தனகோடி மட்டும் வாசல்வரை கூட வந்து, "தெரிஞ்சிகினேம்மா. இப்ப இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் தனகோடிக்கு எழுது. டிசம்பரில் வர வேண்டாம். எனக்கும் இனிமேல் எழுத வேண்டாம்.

சாரா