பச்சையாகிப்போன பன்னிரண்டு தட்டு

எல்தோரின் அப்பா,

மூடிவைத்த புலாவைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். மொட்டைமாடிச் சாவி ரொட்டித் துணிக்கு அடியில் இருக்கிறது.

நவ்ரூஸ் பண்டிகைக்குச் சுமலாக் களி கிண்டுகிறவர்களுக்கு விற்க நாம் மாடியில் வளர்க்கும் கோதுமை முளை வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையானால் களி கசக்கும். தெரிந்தும், "பாவம், கொஞ்சம் வெயில் படட்டுமே" என்று தட்டுகளை மூடியிருந்த துணியை விலக்கிவிட்டீர்கள். பன்னிரண்டு தட்டும் பச்சை. ஆனாலும் நேற்று நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.

காலையில் கீழே ஜிம் நடத்தும் ஒடில் வந்து பார்த்தான். "அக்கா, சாறு பிழிய இந்தப் புல்லைத்தான் தேடிட்டிருக்கேன். வாராவாரம் தர்றீங்களா?" என்றான். பன்னிரண்டையும் கொடுக்கப் போயிருக்கிறேன்.

ஸுல்ஹுமோர்

பி.கு.: மாடியில் வலப்பக்கம் சுமலாக்குக்குப் புதிதாகப் போட்ட முளை. அந்தத் துணியைத் தொட்டால் தெரியும் சேதி! இடப்பக்கம் ஒடிலுக்காகப் போட்டது, உங்களுடையது. ஆசைதீர வெயில் காட்டுங்கள்.