பெரிய வண்டில் வேண்டாம், அக்கா

குருநகர்
13.02.1995

அன்புள்ள மார்கிரட் அக்காவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள். இந்தத் தாளை ஒருவருக்கும் காட்டக்கூடாது, அத்தானுக்கும்தான், வாசித்து முடித்ததும் கிழித்துவிட வேண்டும். இங்கே கர்த்தரின் தயவால் நாங்கள் எல்லோரும் சுகம், அம்மாவின் குரலும் சுகம், செபஸ்தியம்மா மாமியின் வேலிக்கு அப்பாலும் கேட்கிறது. நீங்களும் அத்தானும் குட்டி றெஜினாவும் அங்கே பாரிஸ் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். இது அம்மாவின் கடிதம் அல்ல. அது இதே உறைக்குள் தனியாக இருக்கிறது, அதையும் நான்தான் எழுதினேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதும் உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நீங்கள் போனபின் என் தலையில் விழுந்த வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த முறை அம்மா சொன்னதை நான் எழுதவில்லை. அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் சமையலறைக் கதவைக் கொளுவிவிட்டு, ஜாம் போத்தல் விளக்கை அடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்து எழுதுகிறேன். மண்ணெண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று அம்மா காலையில் போத்தலைத் தூக்கிப் பார்ப்பார், அந்தப் பயம் வேறு. எழுத்துக் கோணலாக இருந்தால் விளக்கைக் குறை சொல்லுங்கள்.

நீங்கள் கடைப் புத்தகத்திலிருந்து வெட்டி அனுப்பிய இரண்டு பிள்ளை வண்டில் படங்களும் கிடைத்தன. பெரிய சில்லும் வில்லும் கறுப்புக் கூடாரமும் உள்ள வண்டில் ஒன்று, குடை போல மடிகிற மெல்லிய வண்டில் ஒன்று. றெஜினாவோடு ஊருக்கு வரும்போது கொண்டுவர, அம்மா எதைச் சொல்கிறாரோ அதைத்தான் வாங்குவேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அப்படி எழுதினீர்கள் அக்கா, அம்மாவை உங்களுக்குத் தெரியாதா. பெரிய வண்டிலின் படத்தை அன்றைக்கே திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பசையால் ஒட்டிவிட்டார். செபஸ்தியம்மா மாமியின் மகன் ஜேர்மனியிலிருந்து சுவர்மணிக்கூடு அனுப்பிய நாள் முதல் மாமி வேலியால் எட்டிப் பார்த்து, யாரும் கேட்காமலே எங்களுக்கு நேரம் சொல்வது வழக்கம். அதற்குப் பதிலடி இந்த வண்டில்தான். அம்மா மாமியைக் கூப்பிட்டு, இது என் பேத்தியின் கார், ஞானஸ்நானத்துக்கு இதில்தான் கோவிலுக்குப் போவாள் என்றார். மாமி படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ளை பிள்ளை வருதோ, பிஷப் ஆண்டவர் வாறாரோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பெரிய வண்டில்தான் வேண்டும். இன்னொரு இரகசியமும் சொல்கிறேன். அம்மா படத்தில் சாண் வைத்து அளந்து பார்த்தார். நீங்கள் திரும்பிப் போகும்போது வண்டிலை இங்கே விட்டுவிட்டுப் போவீர்களாம், பிறகு அதில் மீன் பெட்டியை வைத்துச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போகலாமாம். கூடாரம் இருப்பதால் மீனுக்கு வெயிலும் படாதாம்.

சிரிக்காதீர்கள் அக்கா. உங்கள் வயிற்றை வெட்டித்தான் றெஜினாவை எடுத்தார்கள், காயம் பழுதாகி இரண்டாம் தரமும் தைத்தார்கள், பிள்ளையை நெடுநேரம் தூக்கக்கூடாது, வண்டில் வீட்டு வாசல் வரை வராது என்றால் பயணமே வேண்டாம் என்று அத்தான் முடிவாகச் சொல்லிவிட்டார், இதையெல்லாம் அம்மாவுக்கு வாசிக்காதே என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நான் வாசிக்கவில்லை. அந்த இடம் வந்தபோது இருமினேன், பாரிஸில் நல்ல மழையாம் என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அதனால்தான் இப்போது அம்மாவோடு வழக்காட முடியவில்லை. சின்ன வண்டில் ஏன் வேண்டும் என்று கேட்டால் நான் எதைச் சொல்வது. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் மட்டும் இரண்டு படத்தையும் காட்டிக் கேட்டேன். அப்பா தலையை நிமிர்த்தாமலே, “வள்ளத்திலை ஏத்திற சாமான் ஒரு கையாலை தூக்கிறதா இருக்கோணும் பிள்ளை. மற்றக் கை பிடிக்கிறதுக்கு. நான் சொன்னனான் எண்டு கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை” என்றார். புயலுக்கும் கடலுக்குப் போகிற மனிதர் அவர்.

கிளாலிக் கடலேரியால் வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் அப்பா சொன்னது சரி. வவுனியா தாண்டினால் சோதனைக்கு நின்று நடை, பிறகு சைக்கிள் பின்கரியர், பிறகு உழவு இயந்திரப் பெட்டி, பிறகு சேற்றுக்குள் இறங்கி வள்ளம். என்னோடு படிக்கும் மீனாம்பிகையின் சித்தி ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். வள்ளக்காரன் பெட்டியா நீங்களா என்று கேட்டுவிட்டு அடுத்த வள்ளத்துக்கு விட்டுவிட்டான், அடுத்த வள்ளம் மறுநாள்தான் வந்ததாம். கைக்குழந்தையோடு அந்தக் கரையில் நீங்கள் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆகவே கேளுங்கள். மடிகிற வண்டிலையே வாங்குங்கள். கடையில் அத்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டும் மடித்துப் பார்க்கட்டும், மடியாவிட்டால் வேண்டாம். இரும்பு வேண்டாம், உப்புக் காற்றுக்கு ஒரு கிழமையில் துருப்பிடிக்கும், அலுமினியம் நல்லது. தோளில் கொளுவ ஒரு வார் இருக்க வேண்டும், ஏனென்றால் மணலில் அந்தச் சின்னச் சில்லுகள் உருளாது, அந்த இடங்களில் தோளில்தான் வரும். விரித்தபின் தானாக மடியாமல் பூட்டு விழுகிறதா, பிள்ளை நித்திரையானால் முதுகுப் பக்கம் சாய்கிறதா என்றும் பாருங்கள். நிறம் எதுவென்றாலும் பச்சை மட்டும் வேண்டாம், ஆமிச் சட்டை மாதிரிப் பச்சைப் புள்ளி போட்டது வேண்டவே வேண்டாம், சோதனையில் நிற்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லி முடிய றெஜினாவுக்குப் பல் முளைத்துவிடும்.

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா கடிதம் சொன்னார். பெரிய வண்டிலைத்தான் வாங்க வேண்டும், பாரம் தாங்குமா என்று ஏறி இருந்து பார்க்க வேண்டும் என்று சொன்னார். நான் சின்ன வண்டிலை வாங்கு மகளே என்று எழுதினேன். எழுதி முடிந்ததும் அம்மா வழக்கம்போல இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார், இரண்டு வாசிப்பிலும் ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுவார். அதனால் தாளில் இல்லாததை மனப்பாடம் செய்து இரண்டு தரமும் ஒரே மாதிரி ஒப்புவித்தேன். தேவாரம் ஒப்புவிக்கிற மீனாம்பிகைகூட இப்படிச் செய்யமாட்டாள். அம்மா கடைசியில், வடிவாய் எழுதியிருக்கிறாய் என்று என் தலையைத் தடவினார். அந்தத் தடவல்தான் இரண்டு நாளாக என்னைச் சுடுகிறது. நீங்கள் சின்ன வண்டிலோடு வந்து இறங்கும்போது, நீங்கள்தானே அம்மா இதை வாங்கச் சொல்லி எழுதினீர்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்தது. பெரியது கடையில் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். அது பொய்தான், பெரிய வியாழனுக்கு முன் நான் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன், உங்கள் பங்கையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு எந்தத் தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை, நீங்கள் வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அம்மா இன்னும் பேத்தியின் கன்னத்தைத் தொடவில்லை.

உறையை அருட்பிரகாசம் மாஸ்டர் நாளை விடியக் கொழும்புக்குக் கொண்டு போகிறார். அம்மா இன்று பின்னேரம் ஒட்டிய பசை இன்னும் காயவில்லை, அதனால் திறக்க முடிந்தது. இதை உள்ளே வைத்துத் திரும்ப ஒட்டி, அம்மாவின் தலையணைக்குக் கீழே

கதவு தட்டுகிறது. விளக்கை ஊதுவதற்குள் அம்மாவின் குரல் வந்துவிட்டது. திறக்கச் சொல்லவில்லை, வெளியில் நின்றே சொல்கிறார், நான் அப்படியே எழுதுகிறேன், இந்த முறை ஒரு சொல்லும் மாற்றவில்லை. “உறையைக் காணேல்லை, அக்காவுக்குத்தானே எழுதுறாய்? அவள் பிள்ளையோடை நிண்டு எடுத்து அனுப்பின போட்டோவிலை ஒரு கையாலை வயித்தைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள். நாலு பெத்தவளுக்கு உது தெரியாதோ. அவளுக்கு எந்த வண்டில் சுகமோ அதை வாங்கட்டும். இன்னும் நோகுதோ எண்டு மட்டும் கேள்.”

நோகிறதா, அக்கா?