பச்சைப் பெயின்டுக்கு அடியில் இருந்த நம்பர்

என் பிரியத்துக்குரிய சேவியர் அண்ணே,

உன்னோடு கவிழ்ந்து உன் உயிரைக் குடித்த இன்ஜினைப் போன வாரம் பார்த்தேன். அதை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றுதானே உன் கம்பெனியில் நம்மிடம் சொன்னார்கள்?

திருச்சிக்கு வெளியே வேறொரு ஆலையில் எனக்கு வெல்டிங் வேலை. வேகன்களைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன டீசல் இன்ஜின் வந்தது. பச்சைப் பெயின்ட், புது கேபின், புது நம்பர் பிளேட். ஆனால் ஏறுகிற படி மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து எத்தனை தடவை அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்!

"இது பழசுதானேங்க?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"புத்தம் புதுசுங்க. எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். கேட்காமலே டீயும் வாங்கிக் கொடுத்தார்.

பிரேக் சரியில்லை என்று நீ எழுதிக் கொடுத்த புகாரின் நகல் அண்ணியிடம் இருந்தது. போனில் அனுப்பச் சொன்னேன். "எதுக்கு தம்பி திடீர்னு?" என்றாங்க. "சும்மாதான் அண்ணி" என்று சமாளித்தேன். அடிச்சட்டத்து நம்பரையும் நீ அதில் குறித்திருந்தாய்.

மதியம் அதை ஓட்டுகிற ரஹீம் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, பார்த்துடுவோம்" என்றார். அடிச்சட்டத்தில் பெயின்டைச் சுரண்டினோம். அதே நம்பர்.

பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் என்று எழுதியிருந்தாயே, அங்கேயும் குனிந்து பார்த்தேன். ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து மூடியிருக்கிறார்கள். விரிசல் தகட்டைத் தாண்டி மறுபடி நீண்டிருக்கிறது.

"இனி இதுல ஏற மாட்டேங்க" என்று ரஹீம் பாய் ஆபீசிலேயே சொல்லிவிட்டார். நான் தொழிற்சாலை ஆய்வாளரிடம் படங்களோடு மனு கொடுத்தேன். நேற்று அந்த ஆபீசிலிருந்து வந்து இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். உன் கம்பெனியையும் விசாரிப்பார்களாம். விசாரிப்பார்களா? யார் எதைச் சொன்னாலும் இப்போது பாதிதான் நம்புகிறேன்.

இன்னொன்று இருக்கிறது, அண்ணே. விபத்து அறிக்கையில் 'டிரைவரின் கவனக்குறைவு' என்று உன் கம்பெனிக்காரர்கள் எழுதியபோது வெளியே சண்டை போட்டேன். உள்ளுக்குள் உன்னையும் சந்தேகப்பட்டேன். விபத்துக்கு முந்தின நாள் கல்யாண வீட்டில் குடித்திருப்பாயோ என்று. அண்ணி ஒரு நாள்கூட அப்படி நினைக்கவில்லை.

நாளைக்கு ஸ்ரீரங்கம் போய் அண்ணி முகத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிடுவேன். அந்த அறிக்கையிலிருந்து உன் பேரை எடுக்கிறவரை ஓயவும் மாட்டேன்.

உன்னோடு பிறந்தும் உன்னை நம்பாமல் போன தம்பி,
அந்தோணி