மாடியில் தக்காளி, கீழே நாங்கள்

4 டிசம்பர் 2006, திங்கள்

குளிர். காலையில் வாய் திறந்தால் புகை. குடிக்காத நாள்: 2.

சனிக்கிழமை ராத்திரி ஏர்கூலருக்குள் இருந்த பாட்டிலை மலர் கண்டுபிடித்துவிட்டாள். டிசம்பரில் யார் கூலரைத் திறப்பார்கள் என்ற நம்பிக்கை. பொண்டாட்டியின் மோப்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

வரும் சனிக்கிழமை மகள் நிலாவின் ஸ்கூல் ஆண்டு விழா. போன வருஷம் போதையில் எழுந்து நின்று, விசிலடித்து, வேறு யாரோ பெற்ற பிள்ளைக்குக் கைதட்டினேன். நிலா மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அவளே வந்து, "நான்னா, ஈசாரி நுவ்வு ராக்கு" என்றாள். ஒன்பது வயசு. 'அப்பா, இந்தத் தடவை வராதே' என்பதை இந்த ஊர்த் தெலுங்கில் சொன்னால் அப்பனுக்கு வலிக்காது என்று நினைப்பு.

மலரின் தீர்ப்பு: "சனிக்கிழமை வரைக்கும் தொடாம இருங்க. அப்புறம் பாப்போம்."

ஆபீஸ் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம். போவன்பள்ளி, காய்கறி மார்க்கெட் பின்புறம். செவ்வாய், வியாழன், மாலை 7.

வாங்க வேண்டியது: ஷேவிங் பிளேடு, நிலாவுக்கு வெள்ளை சாக்ஸ்.

5 டிசம்பர், செவ்வாய்

நாள் 3. காபி டம்ளர் கையில் தாளம் போடுகிறது.

குஷாய்குடா வீட்டிலிருந்து போவன்பள்ளி வரை ஸ்கூட்டரில் போனால் போர்டே இல்லை. ரகசியம் காக்கிறார்களாம். 'குடிகாரர்கள் எங்கே கூடுகிறார்கள்' என்று கேட்க வாய் வரவில்லை. "மீட்டிங் எக்கட?" என்று மட்டும் கேட்டேன். மூட்டைக்காரர் மாடியைக் காட்டினார்.

முப்பது பேர். ஒருத்தர் எழுந்து, எல்லாம் போச்சு, பொண்டாட்டி வளையலும் போச்சு என்று தெலுங்கில் அழுதார். எனக்கும் கண்ணீர். நம்ம கதைதானே! எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். டீ, சமோசா. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது தக்காளி ஏஜென்டுகள் சங்கம். செயலாளர் தேர்தலில் ஓட்டு வேறு போட்டிருக்கிறேன்.

அழுதவர் போகும்போது அஞ்சு கிலோ தக்காளி கொடுத்தார். "நீங்க ஒருத்தர்தான் எனக்காக அழுதீங்க" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார்.

மலர் பையைப் பார்த்தாள். "குடியை விடப் போனீங்களா, கொத்சு வைக்கப் போனீங்களா?"

7 டிசம்பர், வியாழன்

நாள் 5. வழியில் ஒரு குவார்ட்டர் வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தேன். குடிக்க அல்ல. இருக்கிறது என்ற தைரியத்துக்கு. (இதை நானே நம்பவில்லை.)

சரியான இடம் அதே கட்டடம்தான். கீழே, பின்பக்கம், ட்யூஷன் அறை. குழந்தைகள் பெஞ்சு, முட்டி இடிக்கிறது. எட்டுப் பேர். தலைவர் பெரிய மீசைக்காரர், இங்கே யாரும் பெயர் சொல்வதில்லை.

என்னைப் பேசச் சொன்னார்கள். என் தெலுங்கு கத்திரிக்காய் வாங்கவும் ஆட்டோக்காரரோடு சண்டை போடவும் போதும், மனசைத் திறக்கப் போதாது. தலைவர், "மீ பாஷலோனே செப்பண்டி" என்றார். உங்க பாஷையிலேயே சொல்லுங்க.

ஆஹா. இங்கே யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது? இருபது நிமிஷம் கொட்டித் தீர்த்தேன். கூலர், விசில், நிலா சொன்னது, எல்லாம். தலைவர் மீசை விளக்குமாறு மாதிரி இருக்கிறது என்றும் சொன்னேன். "டிக்கியில் ஒரு குவார்ட்டர் இருக்கிறது, சனிக்கிழமை என் பிள்ளை என்னை வேண்டாம் என்றால் அதைக் குடித்துவிடுவேன்" என்றும் சொன்னேன். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். கைதட்டல். சுகமாக இருந்தது.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் தலைவர், கூட இன்னும் ரெண்டு பேர்.

"டிக்கியத் தொறங்க சார்."

சுத்தத் தமிழ்நாட்டுத் தமிழ்! எனக்கு உயிரே போய்விட்டது.

"பெரம்பூர்ல பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். இதோ, இவருக்கு ஆம்பூர். அதோ, அவரோட பொண்டாட்டி சேலம். மீசையப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல அத எடுங்க."

எடுத்தேன். சாக்கடையில் நானே ஊற்ற வேண்டும் என்றார்கள். மூடியைத் திருகும்போது வாசனை வந்தது. அழுதுவிட்டேன். அஞ்சு நாளில் அவ்வளவு ஆசைப்பட்ட பொருள் வேறு எதுவும் இல்லை. ஆம்பூர்க்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஊற்றினேன்.

8 டிசம்பர், வெள்ளி

நாள் 6. மதியம் தக்காளி சாதம். மூணாவது நாளாக.

மலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிக்கி உட்பட. திட்டுவாள் என்று பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு, "நெசமாவே நீங்களா ஊத்துனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கதவுக்குப் பின்னால் நிலா. ஒட்டுக் கேட்டிருக்கிறாள். வந்து விழா அழைப்பிதழை என் முன்னால் வைத்தாள். தமிழில் பேசினாள்.

"டான்ஸ்ல மொத்தம் பதினாலு முயல். நான் மூணாவது. வேற முயலுக்குக் கை தட்டுனீங்க, அவ்ளோதான் சொல்லிட்டேன்."

9 டிசம்பர், சனி

நாள் 7. வாசலில் மலர் என் வாயருகே மூக்கை வைத்துப் பார்த்தாள். பாஸ்.

பதினாலும் ஒரே வெள்ளை, ஒரே காது. பாட்டு பாதி ஓடும்போது ஒரு முயல் தடுக்கி விழ, வரிசை மொத்தமும் கலைந்தது. நான் கண்ணை எடுக்கவே இல்லை. என் முயல் எது என்று கடைசி வரை தெரிந்தது. தட்டினேன். உட்கார்ந்தபடியே. அவள் பார்த்தாள்.

பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்று என் முயலுக்கு விசிலடித்தார். அவர் பிள்ளை மேடையின் இன்னொரு ஓரத்தில் நின்று இவரையே பார்த்து முழித்துக்கொண்டிருந்தது. அவர்மேல் அந்த வாசனை.

கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "சார், போவன்பள்ளி மார்க்கெட் பின்னாடி, வியாழன் ஏழு மணி. மாடிக்குப் போயிடாதீங்க, அது தக்காளி."

தமிழில்தான் சொன்னேன். இந்த ஊரில் எல்லாருக்கும் புரிகிறது.